நிரையின் கடைசி மரம்

ஒரு செயல் எளிதாகச் சொல்லப்படுவதாலேயே எளிதாகச் செய்யப்படுவது ஆகிவிடாது. "இதனைக் கடைசியில் சேர்த்துவிடு" என்பது மூன்றே சொற்களில் அடங்கும் ஏவல். அதனை நிறைவேற்றுபவன் எத்துணைத் தொலைவு நடக்கிறான் என்பதை ஏவுகின்றவன் எண்ணிப் பார்ப்பதில்லை. தோட்டத்து வாழ்க்கையைக் கண்ட தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. கிராணியின் பேரேட்டில் ஒரு வரியாக இருப்பது, பால்மரம் வெட்டியவரின் கால்களில் ஒரு காலைப் பொழுதாக இருந்தது. இதே தொலைவு கணினிக்குள்ளும் உண்டு என்பதைக் கேரித் தீவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுபது அகவைக்குப் பின்னர்க் கற்றுக்கொண்டார். அவர் கற்ற கதை தமிழ் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் பயன்படக் கூடியது.

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு பெருநிலத்திலிருந்து பிரித்து வைத்திருக்கும் நிலப்பரப்பு கேரித் தீவு. எட்வர்டு வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. மா மெரி என்னும் பூர்வகுடி மக்களின் மரச்சிற்பக் கலைக்கும் அது பெயர் பெற்றது. பாலத்தைக் கடந்து உள்ளே செல்வோர் இன்று காண்பது எல்லை தெரியாத செம்பனைக் காடு. ஒரு காலத்தில் அங்கே ரப்பர் மரங்கள் நின்றன. மரம் மாறியபோது தொழில் மாறிற்று. தொழில் மாறியபோது அதனோடு பிறந்த சொற்களும் ஒவ்வொன்றாய் உதிரத் தொடங்கின. பெரட்டு, மங்கு, காண்டா, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை, நிரை என்னும் சொற்களை இன்றைய மாணவர்க்குச் சொன்னால், அவற்றுள் பாதிக்கு மேல் பொருள் கேட்பார்கள்.

இந்தச் சொற்களைத் திரட்டுவதே ஆசிரியர் தமக்கு இட்டுக்கொண்ட பணி. தீவிலும் பந்திங், கிள்ளான் வட்டாரங்களிலும் இருந்த முதியவர்களை அவர் நாடிச் சென்றார். விடியுமுன் பெரட்டுக்கு நின்றது முதல் பாலை நிறுத்துக் கொடுத்தது வரையில், ஒரு நாளின் வேலையை அவர்களுடைய வாய்மொழியிலேயே சொல்லச் செய்து எழுதிக்கொண்டார். ஆண்டுகள் சில கழிந்தபோது குறிப்பேடுகள் பெருகின. கதை சொன்ன முதியவர்களோ குறைந்து வந்தனர். எழுதியவற்றையெல்லாம் மகன் விட்டுச் சென்ற பழைய மடிக்கணினியில் தாமே ஏற்றினார். ஏற்றி முடித்தபோது மொத்தம் ஏறத்தாழ 100,000 சொற்கள் இருந்தன. இவற்றிலிருந்து சொல்லடைவு ஒன்று தொகுத்து, சொன்னவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

கிள்ளானில் பணிபுரியும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் வார இறுதிகளில் பாலம் கடந்து வந்து உதவினார். எழுதவும் எழுதியதை ஆராயவும் ஒரே இடத்தில் வசதி தருவது என்று கூறி, ஈமாக்ஸ் என்னும் மென்பொருளை அவர் நிறுவிக் கொடுத்தார். ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய அந்தக் குனூ ஈமாக்ஸ் 1985 இல் வெளிவந்தது. கேரித் தீவில் வேர் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த முத்து நெடுமாறன், தமிழைக் கணினியில் ஏற்றும் 'முரசு' மென்பொருளை உருவாக்கியதும் அதே 1985 இல்தான். அவருடைய தந்தையார் முரசு நெடுமாறன் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்து 1997 இல் வெளியிட்டவர். தொகுக்கும் பணியும் கணினிப் பணியும் ஒரே வீட்டில் வளர்ந்ததைத் தீவின் ஆசிரியர் பெருமையோடு நினைவுகூர்வார்.

ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி 1958 இல் வகுக்கத் தொடங்கிய மொழி அது. அதனை விளக்கும் அவருடைய கட்டுரை 1960 இல் வெளிவந்தது. 'பட்டியலைக் கையாளுதல்' என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே லிஸ்ப் என்னும் பெயர். அம்மொழியில் தரவும் பட்டியல். அத்தரவை ஆளும் நிரலும் பட்டியல். ஈமாக்ஸோடு வரும் கோப்பு ஒன்றில் தமிழ் உயிரெழுத்துகளும் அவற்றின் குறிகளும் இணை இணையாக அடுக்கப்பட்ட பட்டியல் உள்ளது. ஆகாரத்துக்குத் துணைக்கால், இகரத்துக்கு அதன் கொக்கி என்று தொடரும் அந்த வரிசையில், அகரத்துக்கு நேராக இருப்பது 'நில்' என்னும் சொல். லிஸ்ப் மொழியில் அதற்கு 'வெறுமை' என்பது பொருள். அகரத்துக்குத் தனிக்குறி இல்லை என்னும் இலக்கணத்தை அயல்மொழிக் கோப்பொன்று இப்படி எழுதி வைத்திருப்பது கண்டு ஆசிரியர் மகிழ்ந்தார்.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை.

உரை முழுவதையும் ஒவ்வொரு சொல்லாகப் படித்து, சொல்லப்பட்ட வரிசையிலேயே ஒரு பட்டியலில் சேர்க்கும் சிறு நிரலை அவர் எழுதினார். முதற் குறிப்பேட்டிலிருந்த 1,000 சொற்களைக் கொடுத்துப் பார்த்தபோது இமைப்பொழுதில் விடை வந்தது. முழு உரையையும் கொடுத்தபோது கணினியின் விசிறி இரையத் தொடங்கிற்று. தேநீர் ஆறிற்று, நண்பகல் கடந்தது, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் விடை வரவில்லை.

வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் இதனைப் பார்த்துவிட்டு, "தமிழ் எழுத்து கணினிக்குப் பாரம், மாமா. ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தால் எப்பொழுதோ முடிந்திருக்கும்" என்றார். நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லே. ஆயினும் ஆசிரியர்க்கு அது முள்ளாய்த் தைத்தது. தமிழ் படித்தால் வேலை கிடைக்காது என்றும், தமிழில் அறிவியல் இயலாது என்றும் வாழ்நாள் முழுவதும் கேட்ட காதுகள் அவை. இப்போது கணினியும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டதா? 100,000 சொற்களையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றுவதா, பணியையே கைவிடுவதா என்று அன்றிரவு அவர் உறங்காமல் இருந்தார்.

மறுவாரம் வந்த மாணவர் வாதம் எதுவும் செய்யவில்லை. நிரலில் ஒரே ஓர் இடத்தை மாற்றினார். தமிழ்ச் சொல்லைப் பட்டியலில் சேர்ப்பதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் 1 என்னும் எண்ணைச் சேர்க்கச் செய்தார். சேர்க்கும் முறையை மாற்றவில்லை, எண்ணிக்கையையும் குறைக்கவில்லை. கணினி முன்போலவே விசிறி இரைய, ஏறத்தாழ அதே நேரம் உழன்றது.

"ஐயா, இப்போது பட்டியலில் ஓர் எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. பாரம் எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டார்.

ஆசிரியர் விடை கூறவில்லை. ஆனால் அவருடைய முகம் தெளிந்தது. குற்றம் சாட்டப்பட்ட தமிழ் விடுதலை பெற்றுவிட்டது. இனி உண்மைக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதே எஞ்சியிருந்தது.

லிஸ்ப் மொழியின் பட்டியல் என்பது வரிசையாக அடுக்கிய அலமாரி அன்று. அது சிறு பெட்டிகளின் தொடர். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அறைகள். இடப்புற அறை சொல்லைக் காட்டும். வலப்புற அறை அடுத்த பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும். இடப்புற அறையைப் பார்க்கும் செயலுக்குக் 'கார்' என்றும், வலப்புற அறையைப் பார்க்கும் செயலுக்குக் 'குடர்' என்றும் பெயர். லிஸ்ப் முதன்முதல் இயங்கிய ஐபிஎம் 704 என்னும் கணினியில் ஒரு சொல்லிடத்தின் இரு பகுதிகளுக்கு இருந்த பெயர்களின் சுருக்கமே அவை. அந்தக் கணினி மறைந்து பல்லாண்டுகள் ஆயின. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. பழைய தொழில் போய்ச் சொல் மட்டும் எஞ்சுவது தோட்டத்துக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று போலும்! பட்டியலின் கடைசிப் பெட்டியில், வலப்புறத்தில், மேலே சொன்ன 'நில்' எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தார்க்கு அது 'இல்லை' என்னும் பொருளது. தமிழ்ச் செவிக்கோ அது நல்லதோர் ஏவல் வினை: இதற்கு மேல் நடக்காதே, நில்.

மாணவர் பெட்டி, அறை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் இடைமறித்தார். "தம்பி, இது நிரை அல்லவா?" என்றார்.

நிரை என்பது யாப்பில் ஓர் அசை. பொது வழக்கில் வரிசை. தோட்டத்துத் தமிழிலோ ஒருவர் வெட்டுவதற்கென்று ஒதுக்கிய மரவரிசை. நிரையில் ஒரு முனையிலிருந்தே நுழைய வேண்டும். முன்னூறாவது மரத்தை அடைய விரும்புபவர் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது மரங்களைக் கடந்தே தீரவேண்டும். லிஸ்ப் பட்டியலும் அவ்வாறே. அதன் முதல் சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. கடைசிச் சொல்லோ நிரையின் மறுகோடியில் நிற்கிறது.

கணினி வெறுமனே நடந்திருந்தால்கூட இத்துணைத் தாமதம் நேர்ந்திராது. ஆசிரியர் பயன்படுத்திய செயற்கூறு 'அப்பெண்ட்' என்பது. இரு பட்டியல்களை இணைத்துத் தரும் அது, முதற் பட்டியலின் ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாக ஒரு படி எடுத்து, அப்படியின் முடிவில் இரண்டாவதைக் கோக்கும். அந்த முதற் பட்டியலை வேறொருவரும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அவர் அறியாமல் அதன் வாலை நீட்டிவிடலாகாது என்னும் நாணயமே அதற்குக் காரணம். நாணயத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு மரத்தை நிரையின் முடிவில் நடுவதற்காக, முன்னிருந்த நிரை முழுவதையும் புதிய நிலத்தில் மீண்டும் நட்டு, பழைய நிரையைக் கைவிடுவது போன்றது அது.

கணக்கு எளியது. இரண்டாம் சொல்லைச் சேர்க்க 1 பெட்டி படி எடுக்கப்படும். மூன்றாம் சொல்லுக்கு 2. நான்காம் சொல்லுக்கு 3. இவ்வாறு கூட்டிக்கொண்டு போனால் 1,000 சொற்களுக்கு 499,500 படிகள். 10,000 சொற்களுக்கு 49,995,000. சொல் பத்து மடங்கானால் உழைப்பு நூறு மடங்காகிறது. 100,000 சொற்களுக்கு 4,999,950,000 படிகள். அஃதாவது ஏறத்தாழ ஐந்நூறு கோடி. முதற் குறிப்பேட்டில் குற்றம் வெளிப்படாமல் போனதற்குக் காரணம் இதுவே. சிறு அளவில் எம்முறையும் நல்ல முறையாகவே தோன்றும்.

இன்றைய கணினிகளில் ஒரு பெட்டிக்கு 16 பைட்டு இடம் வேண்டும். ஐந்நூறு கோடிப் பெட்டிகளுக்கு ஏறத்தாழ 80 கிகாபைட்டு. ஆசிரியரின் மடிக்கணினியில் அவ்வளவு நினைவகம் ஏது? அவ்வப்போது வேலையை நிறுத்தி, எவருக்கும் வேண்டாத பழைய பெட்டிகளைக் கண்டறிந்து மீட்டுக்கொள்ளும் வழக்கம் லிஸ்ப் மொழிக்கு மெக்கார்த்தி காலந்தொட்டே உண்டு. அதற்குக் குப்பை திரட்டல் என்று பெயர். அந்த ஒரு மணி நேரத்தில் கணினி ஆயிரக்கணக்கான முறை குப்பை கூட்டியிருக்கும். செய்த வேலையில் பெரும்பகுதி, செய்ததை உடனே தூக்கியெறிவதற்காகச் செய்த வேலையே.

படி எடுக்காமல் பழைய நிரையின் வாலிலேயே முடிச்சுப் போடும் செயற்கூறும் உண்டு. அதனால் குப்பை குறையும்; நடை குறையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தலையிலிருந்து வால்வரை நடந்தாக வேண்டும். ஆகவே மாணவர் வேறு வழி காட்டினார். புதிய சொல்லை முன்னால் சேர்த்தால் ஒரே ஒரு பெட்டி போதும். எவ்வளவு நீண்ட பட்டியலாயினும் நடையே இல்லை. 100,000 சொற்களுக்கு 100,000 பெட்டிகள். ஆனால் பட்டியல் தலைகீழாக இருக்கும்.

தலைகீழாக இருப்பதை ஆசிரியர் ஏற்கவில்லை. சொன்ன வரிசையே ஒரு நாளின் வரிசை. பெரட்டில் தொடங்கிய நாள் பெரட்டில்தான் தொடங்க வேண்டும் என்றார். அதற்கும் வழி இருந்தது. எல்லாம் சேர்ந்த பின்னர், முடிவில் ஒரே ஒரு முறை பட்டியலைத் திருப்பிவிட்டால் போதும். அதற்கு மேலும் 100,000 அடிகள், அவ்வளவே. ஐந்நூறு கோடி இரண்டு இலட்சமாகிவிட்டது. தமிழ்ச் சொல் வால் பக்கத்தில் வளர்வது: வீடு, வீடுகள், வீடுகளில், வீடுகளிலிருந்து. ஆகவே தமிழாசிரியர் ஒருவர் கடைசியில் சேர்க்க நினைத்தது இயல்பே. லிஸ்ப் பட்டியலோ தலைப் பக்கத்தில் வளர்வது. ஒன்றன் இயல்பை மற்றொன்றன்மேல் ஏற்றியதே பிழை.

இங்கே ஒரு சிறு விபத்தும் நேர்ந்தது. மாணவர் ஊர் திரும்பிய பின், ஆசிரியர் திருப்பும் செயற்கூறுகளுள் விரைவானதைத் தேர்ந்தெடுத்தார். புதிய பட்டியல் எதனையும் படைக்காமல், இருக்கும் பெட்டிகளின் முகவரிகளையே மாற்றி எழுதித் திருப்பும் வகை அது. திருப்பிய பின் புதிய தலை எது என்பதை அது விடையாகத் தரும். அவ்விடையைப் பெற்றுப் பழைய பெயருக்கே மீண்டும் சூட்ட வேண்டும். ஆசிரியர் சூட்ட மறந்தார். பட்டியலைத் திறந்து பார்த்தபோது 100,000 சொற்களுள் ஒரே ஒரு சொல் இருந்தது. முதலில் தலையாக இருந்த பெட்டி இப்போது வாலாகிவிட்டது. பழைய பெயர் அந்த வாலையே சுட்டிக்கொண்டு நின்றது. மூதாட்டி ஒருவர் தம் கதையை முடித்த கடைசிச் சொல்லே அங்கே எஞ்சியிருந்தது. அது 'போச்சு' என்பது.

நெஞ்சு ஒரு கணம் நின்றுபோயிற்று என்று அவர் பின்னர்ச் சொல்லிச் சிரித்தார். மூல உரை கோப்பில் பத்திரமாக இருந்தது. விடையை உரிய பெயருக்குச் சூட்டி மீண்டும் ஓட்டியபோது பட்டியல் கண் இமைக்குமுன் முழுமையாக வந்தது.

பின்னர் எஞ்சியவை இரண்டு. ஒரு சொல் முன்பே வந்துள்ளதா என்று அறிய, முதலில் அவர் பட்டியலையே தேடச் செய்தார். இல்லாத சொல்லை 'இல்லை' என்று அறிய நிரை முழுவதும் நடக்க வேண்டியிருந்தது. சொல்லின் எழுத்துகளைக் கொண்டே அது வைக்கப்பட வேண்டிய அறையின் எண்ணைக் கணித்து, நேரே அங்கே செல்லும் அட்டவணை முறைக்கு மாறியதும் அந்த நடை ஒழிந்தது. அடுத்தது அகரவரிசை. ஒருங்குறியில் ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் நகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. எனவே தமிழ் நெடுங்கணக்கின்படி ஒவ்வொரு சொல்லுக்கும் தனி வரிசையெண் கணிக்க வேண்டியிருந்தது. 10,000 சொற்களை வரிசைப்படுத்த ஏறத்தாழ 120,000 ஒப்பீடுகள் தேவைப்படும். ஒவ்வோர் ஒப்பீட்டிலும் இரு சொற்களுக்கு அதனைக் கணிப்பதா? ஒரு முறை கணித்துச் சொல்லோடு இணைத்து வைத்தால் 10,000 கணிப்புகள் போதும். தேர்வுத் தாளில் ஒரு முறை மதிப்பெண் இட்டுவிட்டுப் பின்னர் வரிசைப்படுத்தும் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1982 இல் ஆலன் பெர்லிஸ் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் லிஸ்ப் எழுதுவோரைக் கேலி செய்தார். எல்லாவற்றின் மதிப்பையும் அறிந்த அவர்கள் எதன் செலவையும் அறியமாட்டார்கள் என்பது அக்கேலியின் கருத்து. அழகிய சொல் ஒன்று எவ்வளவு உழைப்பை மறைத்து நிற்கிறது என்பதைக் காணத் தவறுவோர் கணினித் துறையில் மட்டுமா இருக்கிறார்கள்?

சொல்லடைவின் முதற்படி அச்சாகி வந்த நாளில், ஆசிரியர் அதனை எடுத்துக்கொண்டு முதியவர்களின் வீடுகளுக்குச் சென்றார். சிலர் வாங்கிக்கொண்டனர். சிலருடைய வீடுகளில் பிள்ளைகளே வாங்கிக்கொள்ள நேர்ந்தது. 'போச்சு' என்று கதையை முடித்த மூதாட்டி இருந்தார். எழுத்தறியாத அவர்க்கு ஆசிரியர் படித்துக் காட்டினார். பெரட்டிலிருந்து தொடங்கிச் சொல்லுக்குச் சொல் அவர் தலையசைத்து வந்தார். 'நிரை' என்னும் சொல் வந்தபோது ஆசிரியரை நிறுத்தச் சொல்லி, தாம் வெட்டிய நிரை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதைக் கைநீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் செம்பனைகள் நின்றன.

ஒரு வேலை தடைப்படும்போது, மொழியின்மேல் பழி போடுவது எளிது. பழியை ஏற்று மொழியைக் கைவிடுவது அதனினும் எளிது. அந்த மாணவர் செய்ததுபோல, தமிழை எடுத்துவிட்டு எண்ணை வைத்துப் பார்க்கும் பொறுமையே அரிது. எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர்க்குத் தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். கேரித் தீவில் அன்று அது தமிழில் இல்லை. நிரையின் எந்த முனையில் மரத்தை நடுவது என்பதில் இருந்தது.